நாலு கிலோ எங்கே?

அத்தியாயம் 6

"ஜீப்பு யாருதுங்க?" என்று பிரேமினி கேட்டதுதான் தாமதம், பொன்னையா முதலாளியின் முகம் சுருங்கிப் போயிற்று.

"என்ன புள்ள கேள்வி இது? முன் கண்ணாடியில எழுதியிருக்கே, பாக்கலையா? பொன்னையா அன் சன்ஸ். ஒரு அடி எழுத்து."

"ரோட்டுல போறப்ப பாத்திருக்கேங்க. ஆனா கீழ கடையில வழி கேட்டப்ப, 'காந்தன் ஜீப்பு வெடிச்ச விசயமா வந்தீங்களா'ன்னு கேக்குறாங்க. அதான் ஒரு சந்தேகம்."

செல்லசாமி மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். மிதிபட்டது மேசைக்கால். வலித்தது அவருக்கு.

ஹட்டன் நகரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர் செல்லசாமி. வயது ஐம்பத்து மூன்று. காணாமல் போன மாட்டிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரைக்கும் தேடிக் கொடுத்தவர். பிரேமினி ஆறு வருடங்களுக்கு முன்னால் தட்டச்சு செய்ய வந்தவள். முதல் வருடமே ஒரு வழக்கின் விடையை அவருக்கு முன்னால் சொல்லிவிட்டாள். செல்லசாமி அதை இன்னும் மன்னிக்கவில்லை. சம்பளத்தை மட்டும் கூட்டியிருக்கிறார்.

பொன்னையா தன் கடைப் பின்னறை மேசையில் இரண்டு கடதாசிகளை வைத்தார்.

"விசயம் சின்னது. ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுல மலையேத்த ரேஸ். போன வருசம் நம்ம ஜீப்பு ரெண்டாவது. இந்த வருசம் மொத இடம் வரணும்னு கொழும்புல இருந்து ரெட்டை டர்போ கிட்டு எடுத்தேன். செவ்வாக்கிழமை அந்த ரேஸ் ரோட்டுலயே ஓட்டிப் பாத்தேன். நாலாவது வளைவுல வெடிச்சுப் போச்சு. தொறந்து பாத்தா, வரவேண்டியது ஒரு சின்ன டர்போ, ஒரு பெரிய டர்போ. உள்ள இருக்கிறது ரெண்டும் சின்னது."

"மாறி அனுப்பிட்டாங்களா?" என்றார் செல்லசாமி.

"கொழும்புல கேட்டேன். ஓடர்ல இருந்ததைத்தான் அனுப்புனோம்ங்கிறாங்க. இப்ப இதைப் பாருங்க. இது கொழும்பு கோட்டை ஸ்டேசன் பார்சல் துண்டு. நாப்பத்தாறு கிலோ. இது றொசல்லயில தோட்டத்துக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல நிறுத்து எழுதுன துண்டு. நாப்பத்திரண்டு. நாலு கிலோ எங்க?"

அவரே பதிலும் சொன்னார்.

"ஸ்டேசன்ல இருந்து மடுவம் வரைக்கும் பெட்டியோட இருந்தவன் ஒருத்தன்தான். என் மெக்கானிக்கு ஜெயகாந்தன். பெரிசை எடுத்து வித்துட்டு சின்னதை வச்சு மூடிட்டான். அதை நீங்க எழுத்துல குடுங்க. வாய்ப்பேச்சுக்கு பொலிசுல எழுத மாட்டாங்க. மூணு மணிக்கு ரேஸ் சங்கத்து துரைராசா மாஸ்டர் வர்றாரு. அவர் முன்னால ரிப்போட்டை வாசிங்க. வாசிச்ச கையோட அவன் குடியிருக்கிற என் ஷெட்டைப் பூட்டுறேன்."

அவர் தலைக்கு மேலே சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்கியது. பொன்னையா வெள்ளிக் கிண்ணத்தோடு நிற்கிறார். சுற்றி இருபது பேர். இருபது பேரும் அவரைப் பார்க்காமல் படத்தின் இடது ஓரத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்த ஓரம் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுக்குத் தப்பி ஒரு முழங்கை மட்டும் மிச்சம். அதில் கிரீஸ்.

பிரேமினி அதை ஒரு நிமிடம் பார்த்தாள். செல்லசாமி அவள் பார்ப்பதைப் பார்த்தார்.

மணி ஒன்பதரை.

*

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தகரம் அடித்த ஷெட். அதன் பின்பக்கம் ஓர் அறை. அந்த அறைதான் ஜெயகாந்தனின் குடும்பம். ஓட்டோ நின்ற சத்தத்துக்கு அவன் மனைவி நாகலெட்சுமி வெளியே வந்தாள். கையில் மண்ணெண்ணெய்ச் சட்டி. அதற்குள் கழற்றிய நட்டுகள்.

"கேள்வி கேக்க வந்தீங்களா, கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"கேள்விதாம்மா" என்றார் செல்லசாமி.

"அப்ப கேளுங்க. அவரு உள்ள இருக்காரு. சாப்பிடலை, படுக்கலை, அந்தச் சனியனையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

ஜெயகாந்தனுக்கு முப்பத்து நான்கு வயது. தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, பன்னிரண்டு வயதில் லொறிச் சில்லுக்குக் கட்டை வைக்கப் போய், பார்த்துப் பார்த்தே வேலை படித்தவன். றொசல்லயிலிருந்து டயகம வரைக்கும், மெக்கானிக்குக்குச் சொல்கிற பாஸ் பட்டத்தோடு, அவனைக் காந்தன் பாஸ் என்றுதான் சொல்வார்கள். திறந்து கிடந்த எஞ்சினுக்குப் பக்கத்தில், செத்த வீட்டுக்காரன் மாதிரி நின்றிருந்தான்.

"டர்போன்னா என்ன? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றாள் பிரேமினி.

"எஞ்சின் விடுற பொகையிலேயே ஒரு சக்கரம் சுத்தும். அந்தச் சக்கரம் வெளிக்காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்துக் கூடுனா டீசல் கூட எரியும், இழுவை கூடும். அவ்வளவுதாங்க."

அழுக்கேறிய ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தான். கொழும்புக் கடை அனுப்பியது. பக்கத்துக்குப் பக்கம் கட்டைவிரல் ரேகை.

"மூணு கிட்டு இருந்துச்சு. மொதலாவது, ரெண்டும் சின்னது. மிதிச்ச ஒடனே தூக்கும். ரெண்டாவது, ரெண்டும் பெரிசு. நேர் ரோட்டுல பேய் மாதிரி போகும், ஆனா நம்ம வளைவுல தூங்கிரும். அது முழிக்கிறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும். மூணாவது, ஒரு சின்னது, ஒரு பெரிசு. வளைவை விட்டு வெளிய வர்றப்ப சின்னது தள்ளும். அதுக்கு மூச்சு முட்டுறப்ப பெரிசு கை குடுக்கும். நான் மூணாவதைத்தான் எழுதி லெட்டர் போட்டேன்."

"மிதிச்ச ஒடனே தூக்குறதுதானே நல்லது? மொதலாவதுக்கு என்ன குறை?" என்றார் செல்லசாமி.

"கொழும்புல குறை இல்லை சார். நுவரெலியா ஆறாயிரம் அடி. மேல போகப் போக காத்து மெலிசு. மெலிசு காத்துல அதே அழுத்தம் வேணும்னா சக்கரம் இன்னும் வேகமா சுத்தணும். சின்னச் சக்கரம் கீழயே உச்சத்துல சுத்துறது. அதை மேல கொண்டு போய் இன்னும் மிதிச்சா?"

உள்ளங்கையை விரித்தான். நகம் அளவில் உலோகத் துண்டுகள் நாலைந்து.

"தண்டு முறிஞ்சு, இது அம்புட்டும் எஞ்சினுக்குள்ள போச்சு."

"இவ்வளவு தெரிஞ்சவரு ஏன் அதை எஞ்சின்ல பூட்டுனீங்க?" பிரேமினி விடவில்லை.

"பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே சொன்னேங்க. 'மொதலாளி, இது நம்ம கேட்டது இல்ல, திருப்பி அனுப்புவோம்'னு. 'நாள் இல்ல, வந்ததைப் பூட்டு'ன்னாரு. அழுத்த மீட்டர்ல செவப்புக் கோடு கிழிச்சுக் குடுத்தேன், முள்ளு இதைத் தாண்ட விடாதீங்கன்னு. நாலாவது வளைவுல தாண்டுச்சு. பக்கத்து சீட்டுல இருந்து கத்துனேன். 'எனக்குத் தெரியும்'கிற மாதிரி கையைக் காட்டுனாரு."

"நீங்க கத்துனதுக்கு சாட்சி?"

"எஞ்சின் சத்தத்துல எனக்கே கேக்கலைங்க."

நாகலெட்சுமி சட்டியைத் தரையில் வைத்தாள். "வேலை தெரியாதவன்னு சொல்லட்டும் சார். இன்னொரு இடத்துல செஞ்சு காட்டலாம். திருடன்னு பொலிசுல எழுதிட்டா, அப்புறம் எவன் இவரு கையில சாவியைக் குடுப்பான்? லயத்துல இருக்கிறது ஒத்தை அறைக் காம்பிரா, அதுல கொழுந்தன் குடும்பம் ஏழு பேரு. அங்க நிக்கக்கூட எடமில்ல."

செல்லசாமி தொண்டையைச் செருமினார். "அந்த நாலு கிலோ?"

"அதுதான் எனக்கும் வெளங்கலை" என்றான் ஜெயகாந்தன். "வழியில பெட்டியை நான் தொறக்கவே இல்லை. சாக்கு சுத்தித் தச்சிருந்தாங்க. தையல் பிரியாமத்தான் வந்துச்சு. ஷெட்டு ரோட்டுல மண் சரிஞ்சு கிடந்ததால, கொழுந்து லொறியில ஏத்திக்கிட்டு கூடவே வந்தேன். தோட்டத்து லொறியில வெளிச்சாமான் ஏத்துனா மடுவத்துல நிறுத்து எழுதணும், அது தோட்டத்து மனேஜர் தொரையோட ஓடர். அங்கதான் நிறுத்தாங்க."

"சாக்கு சுத்தியா?" என்றாள் பிரேமினி.

"ஆமா."

"அன்னைக்கு மழையா?"

"பேஞ்சு ஊத்துச்சு. சாக்கெல்லாம் ஈரம்."

பிரேமினி சிரித்தாள். செல்லசாமிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. அவருக்கு முன்னால் அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

"என்னது, சொல்லு."

"சொன்னா நம்ப மாட்டீங்க சார். மடுவத்துக்கு வாங்க, காட்டுறேன்."

*

மடுவம் என்பது நான்கு தூணும் ஒரு தகரக் கூரையும். மலையில் பறித்த கொழுந்து நிறுவைக்கு வரும் இடம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. தூறல். நனைந்த சாக்குகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கூரையிலிருந்து கொக்கித் தராசு தொங்கியது. வட்ட முகம், ஒற்றை முள். கணக்கப்பிள்ளை அழகன் முள்ளைப் பார்ப்பதும் எண்ணைக் கூவுவதும் துண்டில் எழுதுவதுமாக இருந்தார். மூன்றும் ஒரே மூச்சில்.

"சார், நேத்து பஸ் ஸ்டாண்டு மெசின்ல ஏறி நின்னீங்களே, எவ்வளவு காட்டுச்சு?"

"அறுபத்தெட்டு. ஏன்?"

"கொக்கியைப் பிடிச்சுத் தொங்குங்க."

"என்ன?"

"கேஸு முடியணுமா வேணாமா?"

ஹட்டன் நகரத்தின் ஒரே துப்பறியும் நிபுணர், முப்பது பெண்கள் பார்த்திருக்க, நனைந்த மழைக்கோட்டோடு கொக்கியை இரண்டு கையாலும் பற்றிக் கால்களை மடக்கித் தொங்கினார். முள் ஆடியது. அறுபத்தெட்டில் நின்றது.

"அறுவத்திநாலு!" என்று கூவிய அழகன் துண்டிலும் எழுதிவிட்டார்.

 மடுவத்தில் சிரிப்பு வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒருத்தி தன் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செல்லசாமி தொங்கியபடியே கேட்டார். "முள்ளு அறுபத்தெட்டுல நிக்குதே ஐயா?"

அழகன் துண்டைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "அது... சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு வெட்டுறதுங்க."

"எனக்கு ஏது சாக்கு?"

"கோட்டைப் பாத்து ஏமாந்திருப்பாரு சார்" என்றாள் பிரேமினி.

வரிசையில் நின்ற ஒரு கிழவி குரல் கொடுத்தாள். "இருவத்தொரு வருசமா எங்களுக்கு நாளைக்கு மூணு தடவை வெட்டுறாங்க. உங்களுக்கு இன்னைக்கு ஒரு தடவை. வலிக்குதா ஐயா?"

செல்லசாமி இறங்கினார். உள்ளங்கைகள் சிவந்திருந்தன. 

"எங்கம்மா வீரம்மாவும் கொழுந்துக்காரிதான் சார்" என்றாள் பிரேமினி. சிரிப்பு இப்போது அவள் குரலில் இல்லை. "அந்தியில வீட்டுக்கு வந்தா ரெண்டு எண்ணு சொல்லுவாங்க. முள்ளு காட்டுனது ஒண்ணு, துண்டுல விழுந்தது ஒண்ணு. மழை நாள்ல ரெண்டுக்கும் நடுவுல எப்பவும் நாலு. பார்சல் துண்டுலயும் மடுவத்துத் துண்டுலயும் அதே நாலைப் பாத்ததும் யோசிச்சேன், சாக்கு எங்கன்னு. காந்தன் பாஸ் சாக்குன்னு சொன்னாரு."

அழகன் குரலைத் தாழ்த்தினார். "தொரைமார் போட்ட சட்டம் தங்கச்சி. கை பழகிப் போச்சு. பெட்டிக்கும் வெட்டிட்டேன்னு இப்பதான் எனக்கே தெரியுது."

"அதை எழுத்துல குடுங்க. முள்ளு காட்டுனது நாப்பத்தாறு, வெட்டுனது நாலுன்னு."

எழுதிக் கொடுத்தார். பெண்கள் வரிசை நெருங்கி வந்து, அவர் எழுதுவதை எட்டிப் பார்த்தது. அப்படி ஒரு கணக்கு கடதாசியில் ஏறுவதை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

பாதையில் இறங்கும்போது செல்லசாமி சொன்னார். "ஆக, கோட்டையிலயும் நாப்பத்தாறு, இங்கயும் நாப்பத்தாறு. நடுவுல யாரும் பெட்டியைத் தொடலை. ரெண்டும் சின்னதாவேதான் கொழும்புல இருந்து வந்திருக்கு. நானும் அதைத்தான் யோசிச்சேன்."

"எப்ப சார்? தொங்கிக்கிட்டு இருந்தப்பவா?"

*

ஹட்டன் கடைத்தெருவில் ஒரு கொமினிகேசன். தொலைபேசி, பேக்ஸ், போட்டோப் பிரதி எல்லாம் அங்கேதான். செல்லசாமி கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கொழும்புக் கடையோடு பேசினார். வெளியே வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"முடிஞ்சுது. மொதல்ல லெட்டர் வந்திருக்கு, ஒரு சின்னது, ஒரு பெரிசுன்னு. மூணாவது நாள் ஒரு பேக்ஸ் வந்திருக்கு. 'லெட்டரை விடுங்க, ரெண்டும் சின்னதா அனுப்புங்க.' கீழ பேரு என்ன தெரியுமா? ஜெயகாந்தன்."

"பேக்ஸ் எங்கயிருந்து?"

"ஹட்டன்ல இருந்து. இதே கடையா இருந்தாலும் இருக்கும். ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க, மொகம் ஞாபகமில்லைன்னு கடைப் பையன் சொல்றான்."

"தானே மாத்திட்டு, தானே 'பூட்டாதீங்க'ன்னு சொல்லுவாரா சார்?"

"சொன்னதுக்கு சாட்சி இல்லையே."

இரண்டு பிளேன்டீ வாங்கிக்கொண்டு நின்றபடியே குடித்தார்கள். மணி இரண்டு இருபது. மழை ஓடையாக இறங்கி ரோட்டில் ஓடியது.

"அந்தப் புத்தகத்தைப் பாத்தவங்க ரெண்டே பேர்" என்றாள் பிரேமினி. "ஒருத்தர் காந்தன் பாஸ். இன்னொருத்தர் அதுக்குக் காசு குடுக்கிறவரு. 'ஓடர்ல இருந்ததைத்தான் அனுப்புனோம்'னு கொழும்புல சொன்னதும் உண்மைதான். எந்த ஓடர்னு மொதலாளி கேக்கவே இல்லை. ஏன் கேக்கலை?"

"தன் ஜீப்பைத் தானே வெடிக்க வைக்கிறவன் இருக்கானா?"

"வெடிக்கும்னு அவருக்குத் தெரியாதுல்ல சார். ஆனா கையில ஆதாரம் ஒண்ணுமில்ல. ஒரு கத்தரி வெட்டுன போட்டோவைத் தவிர."

செல்லசாமி குவளையைக் கீழே வைத்தார்.  காலையிலிருந்து ஒவ்வொரு விடையும் இவள் வாயிலிருந்து வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவர் நெஞ்சில் சிறியதாக ஏதோ குத்தியிருக்கிறது. மடுவத்தில் கொக்கியில் தொங்கும்போது அவருக்குக் கை வலிக்கவில்லை, அதுதான் வலித்தது. அந்தக் குத்தலின் ருசி அவருக்கு நன்றாகத் தெரியும். அதே குத்தலோடு நடக்கிற இன்னொரு மனிதன் எந்த இடத்தில் வழுக்குவான் என்பதும் அவருக்குத் தெரியும்.

"பிரேமினி, இந்த ஒரு விசயத்துல நான் உன்னைவிடக் கெட்டிக்காரன்."

"எந்த விசயத்துல சார்?"

"பொறாமையில" என்றார் செல்லசாமி. "ஆறு வருச அனுபவம். வா, போவோம். நான் உள்ள என்ன பொய் சொன்னாலும் நீ தலையை ஆட்டு."

*

மூன்று மணிக்கு பொன்னையாவின் கடைப் பின்னறையில் நான்கு பேர். பொன்னையா மேசைக்குப் பின்னால். ரேஸ் சங்கத்தின் நேரக்காப்பாளர் துரைராசா மாஸ்டர் நாற்காலியில். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார், இரண்டு கையிலும் கடிகாரம் கட்டுகிறவர். துப்பறிகிறவர்கள் நின்றார்கள். ஜெயகாந்தனை மட்டும் உள்ளே கூப்பிடவில்லை. அவனும் நாகலெட்சுமியும் வாசல் படியில் நனைந்தபடி நின்றார்கள். எழுதி முடித்த பொலிஸ் முறைப்பாடு, கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது.

செல்லசாமி அழகனின் துண்டை வாசித்தார். நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு, சாக்கு, ஈரம்.

"அப்ப களவு இல்லை" என்றார் துரைராசா. "கணக்குச் சரியாய்த்தான் வருகுது."

பொன்னையா முகத்தைத் துடைத்தார். "சரி, களவு எடுக்கலை. அப்ப தப்பாத் தெரிவு செஞ்சு என் எஞ்சினை நாசமாக்கிட்டான். அதுவும் குத்தம்தான்."

"அதுதான் இல்லைங்க" என்றார் செல்லசாமி. "கொழும்புல கதைச்சேன். மலையேத்தத்துக்கு ரெண்டும் சின்னதுதான் சரியான தெரிவாம். கடைக்காரர் சொல்றாரு, 'எங்க இஞ்சினியர்மாருக்கே அது தோணலை, இதைத் தெரிவு செஞ்சவரு பெரிய மூளைக்காரர்'னு. வெடிச்சது பழைய பிஸ்டனால. கிட்டுல ஒரு பிழையும் இல்லை."

பிரேமினி தலையை ஆட்டினாள்.

பொன்னையாவின் முகத்தில் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. "அப்படியா சொன்னாங்க?"

"அப்படியேதான். அந்த மூளைக்காரர் யாருன்னு பேக்ஸுல தெளிவா இருக்கு." செல்லசாமி வாசல் பக்கம் திரும்பினார். "காந்தன் பாஸ், உள்ள வாங்க. உங்களைக் குறைச்சு நினைச்சிட்டோம்."

ஜெயகாந்தன் வாயைத் திறந்தான். "சார், நான் அதைத் தெரிவு செய்..." நாகலெட்சுமி அவன் இடுப்பில் கிள்ளிய கிள்ளில் மிச்ச வார்த்தை உள்ளேயே போயிற்று. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டதா என்று தெரியாது. ஆனால் முதலாளியின் காதுமடல் சிவந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"நான் இவரை ஒரு சாதாரண பாஸ் எண்டெல்லோ நினைச்சன்" என்று துரைராசா எழுந்தே விட்டார். "தம்பி, கையைத் தாரும். எங்கட சங்கத்துக்கு உம்மை மாதிரி ஒராள் வேணும். இந்த முறை மேடையில உம்மட பேரைச் சொல்லத்தான் வேணும்."

"கொழும்புக்காரரு இவரோட போட்டோ கேட்டாருங்க" என்று பிரேமினி தன் பங்குக்கு ஊற்றினாள். "அடுத்த புத்தகத்துல போடவாம். முழுப் போட்டோ. முழங்கை மட்டும் போதாதாம்."

பொன்னையாவின் உள்ளங்கை மேசையில் அறைந்தது. மைக்கூடு சாய்ந்தது.

"இவனா? இவனுக்கு என்ன தெரியும்? இவன் எழுதுனது ஒரு சின்னது, ஒரு பெரிசு! லெட்டரை நான் பாத்தேன்! அந்தப் புத்தகத்தை ஒரு வாரம் தலைமாட்டுல வச்சுப் படிச்சது நான்! ரெண்டும் சின்னதுன்னு மாத்துனது நான்! கொமினிகேசனுக்குப் போய் பேக்ஸ் அடிச்சது நான்! மூளைக்காரனாம், மூளைக்காரன்! எல்லாத்துக்கும் இவன் பேருதானா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

சிந்திய மை மேசை விளிம்பிலிருந்து சொட்டியது. எவரும் அதைத் துடைக்கப் போகவில்லை.

"பேக்ஸுல ஏன் அவர் பேரைப் போட்டீங்க?" என்று செல்லசாமி மெதுவாகக் கேட்டார்.

"என் பேரைப் போட்டா 'காந்தன் பாஸைக் கேட்டுட்டு அனுப்புறோம்'னு சொல்லுவாங்க." பொன்னையா மேசையைப் பார்த்தபடி சொன்னார். "கொழும்புலகூட அவனைத்தான் தெரியுது. ஜீப்பு என்னுது. டீசல் என்னுது. ஓட்டுறவன் நான். ஜெயிச்சா காந்தன் ஜீப்பு. போன வருசம் கப்பை நான் தூக்குறப்ப கூட்டம் அவனைத் தூக்குச்சு. இந்த வருசம் ஜெயிச்ச பிறகு மைக்குல சொல்லலாம்னு இருந்தேன். தெரிவு செஞ்சது நான்தான்னு."

"வெடிச்ச உடனை ஏன் சொல்லேல்லை?" என்றார் துரைராசா.

பொன்னையா சாய்ந்த மைக்கூட்டை நிமிர்த்தி வைத்தார்.

"கொழும்புக்காரர் யாரையும் பாராட்டலைங்க" என்றார் செல்லசாமி. "'ஆறாயிரம் அடியில எவனாவது இதைப் போடுவானா'ன்னுதான் கேட்டாரு."

பொன்னையா தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கச் செல்லசாமிக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததுபோலத்தான் இருந்தது.

நாகலெட்சுமி கேட்காமலே உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த முறைப்பாட்டை எடுத்தாள். பின்பக்கம் திருப்பி, மை படாத இடமாகப் பார்த்து வைத்தாள். பேனாவை எடுத்து நீட்டினாள்.

"எழுதுங்க மொதலாளி. வழியில பெட்டியை யாரும் தொறக்கலை, கிட்டை மாத்துனது நான்தான்னு. மாஸ்டர் சாட்சி போடட்டும். இதை நாங்க வச்சுக்கிறோம்."

பொன்னையா அவளைப் பார்க்காமல் ஜெயகாந்தனைப் பார்த்தார். "காந்தா... ரேசுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கு. எஞ்சினைச் சரி பண்ணித் தூக்கிரலாமா? ஷெட்டு உனக்குத்தான். நீ எங்கயும் போக வேணாம்."

"தூக்கலாங்க" என்றான் ஜெயகாந்தன். "மொதல்ல எழுதுங்க."

எழுதினார். பெட்டி, சாக்கு, பேக்ஸ் எல்லாம் தடையில்லாமல் ஓடின. 'இதில் எந்தக் குற்றமும் செய்யாதவர்' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றது.

"பேரு எதுக்கு, என் மெக்கானிக்குன்னு போட்டா போதாதா?"

"போதாது" என்றாள் நாகலெட்சுமி.

மழை தகரத்தில் இரைந்தது. துரைராசா மாஸ்டர் பழக்க தோசத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மனிதனின் பெயரை எழுத முதலாளி எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம் நாற்பது செக்கன். அடுத்த வரியின் ஆரம்பத்தில், கடதாசியின் ஓரத்தோடு ஒட்டி, எறும்பு அளவில், ஜெயகாந்தன் என்று எழுதினார்.

நாகலெட்சுமி கடதாசியை எடுத்து, எழுத்துக் கூட்டி, முழுவதையும் வாசித்தாள். வாசித்துவிட்டுத் திரும்பவும் அவர் முன்னால் வைத்தாள்.

"இனிசல் விட்டுப் போச்சுங்க. இவரு அப்பா, எங்க மாமா பேரு அழகுமுத்து. இதே றொசல்லயில முப்பது வருசம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுனவரு. 'அ' போடுங்க."

பொன்னையா பேனாவை எடுத்தார். பெயருக்கு முன்னால் இடம் இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இடிச்சு எழுதுங்க" என்றாள் நாகலெட்சுமி. "பரவால்ல."